உப்பு – தேவையான அளவு

தமிழில் அதிகம் அச்சான வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: 'உப்பு – தேவையான அளவு.' சமையல் குறிப்பு என்று எதை எடுத்தாலும் கடைசி வரியில் இது உட்கார்ந்திருக்கும். யாருக்குத் தேவையான அளவு, யார் தீர்மானிப்பது என்பதெல்லாம் எழுதியவருக்கே வெளிச்சம். இத்தனை வருஷமாக நானும் கண்டுகொள்ளாமல்தான் கடந்து போனேன். போன மாதம் கூரத்தில் மாட்டிக்கொண்டேன்.

கூரம், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த இடம். அவர் வீட்டில் நாள் முழுக்க அன்னதானம் நடந்து, ராத்திரி கதவு சாத்துகிற சத்தம் காஞ்சி வரதராஜர் கோயில் வரை கேட்டது என்று கதை சொல்வார்கள். அந்த ஊரில் என் அத்தைக்கு எண்பதாவது பிறந்தநாள். தறி இருந்த கூடத்தில் இப்போது டைனிங் டேபிள். சொந்தபந்தம் முப்பது பேர்.

கேக் வேண்டாம், புதுசாக ஏதாவது செய்யலாம் என்று பேத்தி கிளம்பினாள். ஒரு பத்திரிகையின் இலவச இணைப்பில் வந்த குறிப்பு அவள் கையில். இரும்புச் சட்டியில் மொத்த மாவையும் தட்டி, ஒரே பெரிய பிஸ்கட்டாகச் சுட்டு, சாக்லேட் துண்டு பதித்து, மேலே உப்பு தூவி, கேக் மாதிரி வெட்டித் தருவது. இனிப்பும் உப்பும் சேர்ந்த ருசி. வெள்ளிக்கிழமை என்பதால் முட்டை கிடையாது; பால். வீட்டில் அவன் இல்லை. அகலமான பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடி, சூடேற்றி, உள்ளே சட்டியை வைத்தாள். நம் வீடுகளில் கேக் சுட்ட பழைய வழிதான்.

வாசனை தெருவரைக்கும் போனது. அத்தைக்குத்தான் முதல் துண்டு. வாயில் போட்டவர் இரண்டு நிமிஷம் மென்றார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடு."

நான் ஒரு வாய் எடுத்தேன். கருவாடு தோற்றது.

பேத்தி அழாத குறை. "புக்ல போட்டபடிதான் செஞ்சேன் மாமா" என்று இணைப்பை நீட்டினாள். படித்துப் பார்த்தேன். மைதா 200 கிராம், சர்க்கரை 130 கிராம், வெண்ணெய் 125 கிராம். எல்லாம் துல்லியம். கடைசியில்: உப்பு – தேவையான அளவு. மேலே தூவ: சிறிது.

குற்றவாளியைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. கடையில் ரொட்டிக்குத் தடவ விற்கும் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு உண்டு. 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம். 125 கிராமில் இரண்டரை கிராம் வந்துவிடுகிறது. இந்த அளவு மாவுக்கு அதுவே போதும். உப்பில்லாத வெண்ணெய் என்று குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. அவள் மேற்கொண்டு ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டிருக்கிறாள். அது சுமார் 6 கிராம். அப்புறம் மேலே 'சிறிது'.

குழம்பு என்றால் 'தேவையான அளவு' மன்னிக்கத்தக்கது. கொதிக்கும்போது ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கலாம். குறைந்தால் போடலாம், கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுப் பிரார்த்தனை செய்யலாம். சுடுகிற பண்டத்தில் இந்தச் சலுகை இல்லை. உள்ளே போய் மூடினால் முடிந்தது. இதிலோ உப்புதான் கதாநாயகன். உப்பு கசப்பை அமுக்கிவிடுவதால் மற்ற ருசிகள் மேலே வருகின்றன என்று பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இருவர் 1997-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சாக்லேட் கசப்பானது. அதனால்தான் ஒரு கல் உப்பு பட்டதும் இனிக்கிறது. ஒரு கல் என்றால் ஒரு கல்தான்.

சாக்லேட் துண்டு போட்ட பிஸ்கட்டைப் பிரபலமாக்கியவர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட். 1930களில் அவர் செய்தது. இன்றைக்கும் சாக்லேட் பாக்கெட்டின் முதுகில் அச்சாகிற அந்தக் குறிப்பில் 'உப்பு 1 டீஸ்பூன்' என்று தனி வரி உண்டு. அவர்கள் அளந்து சமைப்பவர்கள், நமக்குக் கை மணம் என்று யாராவது கிளம்புவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

இதே கூரத்தில் கிடைத்த செப்பேடு ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டு, பல்லவன் பரமேசுவரவர்மன் காலம். கோயிலுக்குக் கொடுத்ததில் பூஜைக்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க, பாரதம் படிக்க என்று தனித்தனியாகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் திருமேனிகளுக்கான அமுதுபடிக் கணக்கு இருக்கிறது. அரிசி, பருப்பு, நெய், மிளகு, கடுகு, தயிர், கூடவே உப்பு. ஆம், உப்புக்கும் அளவு. கணக்குவழக்குக்காகத்தான் எழுதினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருசி பார்க்காமல் படைக்கிற சமையலுக்கு அளவுதானே நாக்கு? ஆயிரம் வருஷத்துக்கு முன் உப்பைக் கல்லில் வெட்டியவர்களின் வம்சம், காகிதத்தில் எழுதச் சோம்பல்படுகிறது.

எல்லாரையும் சொல்லவில்லை. எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' கொண்டுவந்தார். உறவுப் பெண்கள் செய்முறை கேட்டுக் கடிதம் எழுதியபடி இருக்க, மாமா கே.வி.கிருஷ்ணசுவாமி ஐயர் புத்தகமாகவே எழுதச் சொன்னார். இன்றைக்கும் வெளிநாடு போகிற பெண்களின் பெட்டியில் அது போகிறது. காரணம், பக்கத்தில் அம்மா இல்லாதவருக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. 'தேவையான அளவு' என்பவர்கள், பக்கத்தில் ஒரு அம்மாவோ மாமியாரோ நின்றுகொண்டிருப்பதாக நினைத்து எழுதுகிறார்கள். அப்படி ஒருவர் நின்றால் குறிப்பு எதற்கு? தெரிந்தவருக்குத்தான் புரியும் என்றால், தெரியாதவர் காசு கொடுத்து வாங்குவானேன்?

மறுநாள் காலை அத்தை இட்லிக்கு அரைத்தார். நாலு டம்ளர் அரிசி. உப்பு ஜாடியில் கை விட்டார்.

"பாட்டி, ஒரு நிமிஷம்" என்று பேத்தி சமையலறைத் தராசைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் கொட்டச் சொன்னாள். 19 கிராம். திருப்பி ஜாடியில் போட்டு மறுபடி அள்ளச் சொன்னாள். 20. இன்னொரு தடவை. 19.

"நான் ஒருநாளும் அளந்தது இல்லியே" என்றார் அத்தை, தன் கையையே பார்த்து. கல்யாணமான நாளிலிருந்து பாவில் இழை எண்ணிய கை.

பேத்தி அந்த இலவச இணைப்பின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டாள்: பாட்டி இட்லி, 4 டம்ளர் அரிசி, கல் உப்பு 19 கிராம். மேலே அந்த பிஸ்கட் குறிப்பையும் திருத்தினாள்: உப்பில்லாத வெண்ணெய், உப்பு அரை டீஸ்பூன், தூவ நாலு கல்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதன் கீழே ஒரு தராசை வையுங்கள். தராசு இல்லையென்றால் டீஸ்பூன் போதும். எண்ணை எழுதி, தேதி போட்டு வையுங்கள்.