இலை போட்டபின் உப்பு: சூளகிரிப் பக்கத்துத் தயிர்ப் பச்சடி மரபுகள்

எங்கள் பக்கத்துப் பந்திகளில் "பச்சடி கொஞ்சம் போடுங்க" என்று ஒருவர் கேட்டால், பரிமாறுகிறவர் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். தமிழ் பேசும் வீட்டாராக இருந்தால் அவர் கேட்பது தயிர்ப் பச்சடி. தெலுங்கு வீட்டாருக்குப் பச்சடி என்பது பெரும்பாலும் காரமான துவையல். தயிரில் செய்தது வேண்டுமென்றால் 'பெருகு பச்சடி' என்பார்கள். கன்னட வீட்டாருக்கு அதுவே 'மொசரு பஜ்ஜி'. பஜ்ஜி என்றதும் எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வரக்கூடாது. மூன்று பெயர்களுக்கும் அடியில் இருப்பது ஒரு கிண்ணம் தயிரும் ஒரு காயும்தான். அந்த எளிய கிண்ணத்துக்கும் இலக்கணம் உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

மூன்று மொழிகளும் இங்கே ஒரே தெருவில் வாழ்வதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கமும் சேர்ந்தது. சேலம் மாவட்டத்தில் நெடுங்காலம் இருந்து, 1965இல் தருமபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் உரியவர்களானோம். மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் பேசிய மொழியும் அடுப்பில் வெந்த பண்டமும் அப்படியே இருந்தன.

மூன்று வழிகள்

தமிழ் வழியில் காய் பச்சையாகவே தயிரில் சேரும். வெள்ளரிக்காயோ வெங்காயமோ பொடியாக நறுக்கப்படும். தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்துக் கலப்பவர்கள் உண்டு. மிளகாயைக் கீறிப் போட்டு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. காய் பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும் என்பதே இவ்வழியின் அளவுகோல்.

தெலுங்கு வழியில் தாளிப்புக்கே முதலிடம். சுரைக்காயை வதக்கி, ஆறவிட்டு, கடைந்த தயிரில் சேர்ப்பார்கள். கடுகு, உளுந்து, காய்ந்த மிளகாய் பொரிந்ததும் மஞ்சள்தூள் விழ, தயிர் இளமஞ்சளாக மாறும். உளுத்தம்பருப்பு சிவக்கவும் வேண்டும், கருகவும் கூடாது. அந்தச் சில நொடிகளைப் பிடிக்கத் தெரிந்தவரே கைகாரி.

கன்னட வழி சுட்ட காயை விரும்புகிறது. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்துக் கையால் மசித்து, பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்துத் தயிரில் கலப்பார்கள். வேகவைத்த கீரையிலும் மொசரு பஜ்ஜி செய்வதுண்டு. தயிரில் லேசான புகைமணம் ஏற வேண்டும். அடுப்பங்கரியின் கசப்பு ஏறிவிடக்கூடாது. கேழ்வரகுக் களி உருண்டைக்குப் பக்கத்தில் அது இருந்தால், களியைக் கிள்ளித் தொட்டு விழுங்குவது சுகம்.

ஒரு வீட்டு வழி இன்னொரு வீட்டுக்குள் புகாமலும் இல்லை. தமிழ் வீட்டுப் பச்சடியில் மஞ்சள் விழுவதையும், தெலுங்கு வீட்டில் கத்தரிக்காய் சுடுவதையும் இங்கே எங்கும் பார்க்கலாம். மூன்றுக்கும் பொதுவாகக் கடைசியில் மேலே தூவ வேண்டியதைச் சூளகிரிச் சந்தையே கொடுத்துவிடுகிறது. நெடுஞ்சாலையோரம் கட்டுக்கட்டாகக் குவியும் எங்கள் கொத்தமல்லி பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறது. இலையை மட்டும் கிள்ளிப் போடுவது வீண். மணம் தண்டிலும் இருக்கிறது. இளந்தண்டோடு அரிய வேண்டும்.

கடலுக்கு அப்பால் ஒரு பங்காளி

கிரேக்க நாட்டில் இதற்கு நெருங்கிய பங்காளி ஒன்று உண்டு. அதன் பெயர் ட்ஸாட்ஸிகி. துருக்கியரின் 'ஜாஜிக்' என்ற சொல்லோடு உறவுடைய பெயர். கெட்டித் தயிர், வெள்ளரிக்காய், பூண்டு, ஆலிவ் எண்ணெய், சில துளி வினிகர், கொஞ்சம் சதகுப்பைக் கீரை, இவ்வளவுதான். நம் பக்கத்துக் கன்னட வீடுகளில் 'சப்பசிகே சொப்பு' என்று வாங்கிப் போகிற அதே கீரை.

கிரேக்கர்கள் சிறுசிறு தட்டுகளை மேசை நடுவில் பரப்பி, எல்லோரும் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். பேச்சும் உணவும் சேர்ந்தே நீளும். பழைய கிறித்தவ மரபைக் காக்கும் குடும்பங்களில் புதன், வெள்ளி நோன்புகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவத்திலும் பாலும் தயிரும் விலக்கு. புரட்டாசியில் கவுச்சியை நிறுத்திவிடும் எங்கள் ஊருக்கு அந்தக் கட்டுப்பாட்டை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் செய்து பார்ப்பது எளிது. அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டிக் குளிர்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். ஒரு வெள்ளரிக்காயைத் துருவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழியுங்கள். ஒரு பல் பூண்டை நசுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு எல்லாவற்றையும் கலந்தால் ஆயிற்று. துணியில் வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம்.

தரம் எதில் இருக்கிறது?

முதல் தரம் தயிரில். வெதுவெதுப்பான பாலில், ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறைமோர் போதும். ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால், மார்கழி இரவில் உறைய நேரமாகும்; பாத்திரத்தைத் துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பது பழைய வழக்கம். பச்சடிக்குரிய தயிர் முதல் நாள் இரவு உறை ஊற்றியதாக, இனிப்பு போய்ப் புளிப்பு தொடங்குகிற பதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தரம் நீரில். இதுதான் எல்லா மரபுக்கும் பொதுவான சோதனை. உப்பு பட்டதும் காய் தன் நீரை விட்டுவிடும். அந்த நீர் தயிரில் இறங்கினால் பச்சடி மோராகும். கிரேக்கர்கள் உப்பை முன்னதாகப் போட்டு, நீரைப் பிழிந்தே எடுத்துவிடுகிறார்கள். கன்னட வழி சுட்டும், தெலுங்கு வழி வதக்கியும் அந்த நீரைத் தீயில் போக்குகின்றன. பச்சைக் காயை நம்பும் தமிழ் வழிக்கு ஒரே பாதுகாப்பு, நேரம். உப்பைக் கடைசியில் போட வேண்டும்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். வீட்டில் ஒரு விசேஷம். பன்னிரண்டு வயது எனக்கு. உதவி செய்கிறேன் என்று காலை ஒன்பது மணிக்கே வெள்ளரிப் பச்சடிக்கு உப்புப் போட்டு, பெருமையோடு மூடி வைத்தேன். நண்பகல் பந்தியில் மூடியைத் திறந்தால், தண்ணீரில் வெள்ளரித் துண்டுகள் மிதக்கின்றன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு அவ்வா பேசாமல் அதைப் பெரிய வடிதட்டில் சாய்த்தார். வடிந்ததில் இஞ்சி நசுக்கிப் போட்டு நீர்மோராக்கினார். காயைப் புதுத் தயிரில் சேர்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, "இலை போட்டப்புறம் உப்பு, கண்ணு. சாப்பிடறவங்க உக்காரட்டும்" என்றார். நாற்பது ஆண்டுகளாக அதைவிட நல்ல சமையல் விதி எதையும் நான் கேட்டதில்லை.

அந்த விதிக்குள் விருந்தோம்பலும் இருக்கிறது. பச்சடி முன்கூட்டியே செய்து அடுக்கி வைக்கிற பண்டமல்ல. வந்தவர் உட்கார்ந்த பிறகு, அவருக்காகக் கலப்பது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இளம்பெண்ணும் தன் கையாலேயே தயிரைப் பிசைந்து புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் 'இனிது' என்று உண்டதும் அவள் முகம் மெல்ல மலர்கிறது. உண்பவர் முகம்தான் அன்றும் தரச்சான்று.

இன்று எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்கள் ஓசூர்ச் சிப்காட்டுக்குப் புறப்படுகின்றன. ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் இலை போட்டு உட்கார நேரமில்லை. ஆனாலும் சில வீடுகளில் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பையைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன டப்பாவில் தயிர், இன்னொன்றில் நறுக்கிய வெள்ளரியும் கொத்தமல்லியும், காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகை உப்பு. மதிய மணி அடித்ததும் மூன்றையும் கலந்து, பக்கத்தில் இருக்கும் ஒடிசாக்காரத் தம்பிக்கும் ஒரு கரண்டி வைப்பார்கள். அவ்வாவின் விதி அந்தக் காகித மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது.