முகப்பும் திசையும்

புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால் கலாரசிகர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில், 1907ல் கட்டி முடிந்த இருதய ஆண்டவர் கோயில் கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாக நிற்கிறது. ஸ்டேஷனுக்கு அந்தக் கம்பீரம் இல்லை. ‘பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்கு இது அடுக்குமா?’ என்கிறார்கள். இந்தக் கேள்வியே பொருந்தாது என்பது என் கட்சி.

கோயிலின் அழகு முகப்பில் தொடங்கலாம். ரயில்வே ஸ்டேஷனின் அழகு அதன் தண்டவாளம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதில்தான் தொடங்குகிறது. வளவனூர், வில்லியனூர் போன்றவை வழி ஸ்டேஷன்கள். வண்டி வரும், நிற்கும், போகும். புதுச்சேரியோ முடிவு ஸ்டேஷன். கடல் நெருங்கியதும் பாதை நின்றுவிடுகிறது.

அது அப்படி நின்றதற்குக் காரணம் உண்டு. விழுப்புரத்திலிருந்து இந்தக் கிளைப்பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. மண் பிரெஞ்சுக்காரருடையது, வண்டி ஓட்டியது இங்கிலீஷ்காரரின் தென்னிந்திய ரயில்வே. உள்நாட்டுச் சரக்கைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அவர்கள் கணக்கு. கப்பலோடு கணக்குத் தீர்ந்தது. அதற்கு அப்பால் இருந்த ஜனங்கள் அதில் சேரவில்லை.

இதன் பலனை அரியாங்குப்பத்துக்காரனான நான் அறிவேன். அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ரோமாபுரிச் சரக்கு இந்த ஆற்றங்கரைக்கு வந்ததற்கு அடையாளங்கள் கிடைத்தன. கடல் கடந்த வாணிகம் கண்ட எங்கள் பக்கத்துக்கு ரயில் மட்டும் வரவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். இன்னும் வேடிக்கை, கடலூருக்குப் போகிற விஷயம். சாலையில் சுமார் 22 கிலோமீட்டர். ரயிலில்தான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், மேற்கே விழுப்புரம் போய், மறுபடி கிழக்கே திரும்ப வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். மூக்கைச் சுற்றித் தொடுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. எல்லை மறைந்தது, மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று, துறைமுக வாணிகமும் பழைய நிலையில் இல்லை. ஆனால் திசை மட்டும் 1879ல் போட்டபடியே இருக்கிறது. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்கும் கடற்கரைப் பாதை பல ஆண்டுகளாகக் காகிதத்தில் இருக்கிறது.

அம்ருத் பாரத் திட்டத்தில் இந்த ஸ்டேஷனைப் புதுப்பிக்க எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல காரியம். மூட்டையோடு வருகிறவருக்கு நிழலும், கிழவிக்கு ஏறச் சுலபமான படியும், குடிக்கத் தண்ணீரும் கிடைத்தால் நான் வாழ்த்துவேன். முகப்புக்குப் பிரெஞ்சு வேஷம் கட்டினால் மட்டும் வாழ்த்த மாட்டேன். வேஷம் கட்டிய முகப்பு வெளியூர்க்காரரின் போட்டோவுக்கு உதவும். தெற்கே நாலு மைல் தண்டவாளம் நீண்டால் எங்களுக்கு உதவும். இரண்டில் எது கட்டிடக் கலை என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.