மேற்பார்வையும் சுயாதீனமும்: பட்டப்பின் வரலாற்றாய்வு பற்றிய ஒரு நோக்கு

மேற்பார்வையின் கீழ் நிகழும் சுயாதீன ஆய்வு என்னும் தொடரே ஒரு முரண்பாட்டினை உள்ளடக்கியது. பட்டப்பின் வரலாற்றுக் கல்வியில் இம்முரண்பாடு பெரும்பாலும் இருவகையிலே மூடிமறைக்கப்படுகின்றது. ஆசிரியர் முன்னரே வகுத்துக்கொண்ட முடிவுகளுக்கு மாணவர் சான்று தேடிக் கொடுப்பது ஒரு வகை. மாணவர் நூல்நிலையத்திலே தனித்து விடப்பட்டு, கையொப்பம் வேண்டும்போது மாத்திரம் ஆசிரியரைச் சந்திப்பது மற்றையது. முன்னையதிலே சுயாதீனம் இல்லை. பின்னையதிலே மேற்பார்வை இல்லை. அறிவு உற்பத்தியும் ஒருவகை உழைப்பே எனக் கொள்ளும் நாம், அவ்வுழைப்பில் ஈடுபடுவோரிடையே நிலவும் உறவுகளையும் ஆராய்தல் வேண்டும். இதற்கு இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழக அனுபவம் பெரிதும் பயன்படும்.

1965ஆம் ஆண்டிலே அப்பல்கலைக்கழகத்திற் சேர்ந்த ஈ. பி. தொம்சன் அதன் சமூக வரலாற்று ஆய்வு மையத்திற் பொறுப்பேற்றார். கலாநிதிப் பட்டம் பெறாத அவர், 1948 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்விப் பிரிவிலே வளர்ந்தோருக்குக் கற்பித்தவர். 1963இல் வெளிவந்த 'ஆங்கிலத் தொழிலாள வர்க்கத்தின் உருவாக்கம்' என்னும் நூல் அக்காலத்திலேயே எழுதப்பட்டது. ஆசிரியரிலும் மிகுந்த வாழ்க்கையனுபவம் உடையோர் மாணவராக அமரும் வகுப்பிலே கற்பித்தல் ஒருவழிப் பாதையாக அமைதல் இயலாது. அப்பழக்கத்தினை அவர் பட்டப்பின் ஆய்வுக்கும் கொண்டுவந்தார் எனலாம்.

அதன் விளைவே 1975இல் வெளிவந்த 'அல்பியனின் மரண மரம்'. தூக்குமரத்தைச் சுட்டும் இத்தலைப்பின் கீழ், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குற்றமும் சமூகமும் ஆராயப்பட்டன. கட்டுரையாளர் ஐவர். தொம்சனுடன் டக்ளஸ் ஹே, பீற்றர் லைன்போ, ஜோன் றூல், கால் வின்ஸ்லோ ஆகிய இளம் ஆய்வாளரும் சமமாக இடம்பெற்றனர். குற்றவியற் சட்டத்தின் கருத்துநிலையினை ஹே ஆராய்ந்தார். தூக்கிலிடப்பட்டோரின் உடல்களை வைத்தியர்கள் கைப்பற்றுவதற்கு எதிராக இலண்டன் ஏழைகள் நடத்திய கலகங்களை லைன்போவும், கரையொதுங்கிய கப்பற் பொருள்களை மக்கள் கவர்ந்து சென்றமையை றூலும், சசெக்ஸ் பகுதியின் கடத்தற்காரரை வின்ஸ்லோவும் எடுத்துக்கொண்டனர்.

இந்நூலிலே இருவிடயங்கள் நோக்கற்பாலன. முதலாவது, கருதுகோள் சான்றினாலே திருத்தப்பட்டமை. சமூக எதிர்ப்பின் வடிவமான குற்றம் வேறு, வெறுங் குற்றம் வேறு எனப் பிரித்து நோக்கும் எண்ணத்துடன் தொடங்கியோர், ஆவணங்கள் அப்பிரிவினைக்கு இடந்தராமையைக் கண்டு அதனை வெளிப்படையாகவே கூறினர். வாய்பாட்டு மார்க்சியத்திற்கும் ஆய்வுநெறியாகிய மார்க்சியத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இரண்டாவது, மேற்பார்வையாளரும் மாணவரும் ஒரே முடிவிற்கு வரவேண்டியிருக்கவில்லை. 1688இல் ஏறத்தாழ 50ஆக இருந்த மரணதண்டனைச் சட்டங்கள் 1820 அளவில் 200க்கு மேற் பெருகியும், தூக்கிலிடப்பட்டோர் தொகை அதற்கேற்ப உயரவில்லை. பயமுறுத்தலும் மன்னிப்பும் இணைந்து சொத்துடைய வர்க்கத்தின் அதிகாரத்தை நிலைநிறுத்தின என ஹே இதனை விளக்கினார். தொம்சனோ, 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் பற்றி அக்கூட்டு நூலுக்கென எழுதத் தொடங்கியது வளர்ந்து, 'விக்குகளும் வேட்டையாளரும்' எனத் தனிநூலாக அதே ஆண்டில் வெளிவந்தது. அச்சட்டத்தின் வர்க்கக் கொடுமையைத் துருவிக்காட்டிய அவர், இறுதியிலே சட்டத்தின் ஆட்சி அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் மனித நன்மை என வாதிட்டார். மார்க்சியர் பலருக்கு இது உவப்பாக இருக்கவில்லை. அம்முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். மாணவரின் ஆய்வை நெறிப்படுத்தியவர் தமது ஆய்வினாலே தாமும் எதிர்பாராத இடத்திற்குச் சென்றார் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வனுபவத்தை இலட்சியப்படுத்தல் ஆகாது. கட்டுரையாளர் ஐவரும் ஆண்களே. மேலும், பல்கலைக்கழகத்தினுள் அமைந்த பட்டறை அதன் பொருளாதார அடித்தளத்திற்கு அப்பாற்பட்டதன்று. 1970இல் மாணவர் நிருவாகக் கட்டடத்தைக் கைப்பற்றியபோது, ஆசிரியரினதும் மாணவரினதும் அரசியல் நடவடிக்கைகள் கண்காணிக்கப்பட்டமையைக் காட்டும் கோவைகள் வெளிப்பட்டன. கைத்தொழில் முதலாளிகளுக்கும் பல்கலைக்கழகத்திற்குமிடையிலான உறவை அம்பலப்படுத்தி, 'வோரிக் பல்கலைக்கழகம் லிமிட்டெட்' என்னும் நூலைத் தொம்சன் அவ்வாண்டிலேயே தொகுத்தார். பின்னர் அங்கிருந்து விலகினார். இளம் ஆய்வாளரின் நூல் வெளிவந்தபோது அவர்களுடைய ஆசிரியர் அங்கு இல்லை.

அதே மத்திய இங்கிலாந்திலே, பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், மற்றொரு மார்க்சியரான ஜோர்ஜ் தொம்சனின் கீழேயே கைலாசபதியும் சிவத்தம்பியும் தமது கலாநிதிப்பட்ட ஆய்வுகளை நிகழ்த்தினர். கிரேக்க இலக்கியத்தையும் சமூகத்தையும் ஆராய்ந்த ஆசிரியரிடம் அவர்கள் பெற்றது ஒப்பியல் நோக்கு; சான்றுகள் தமிழுக்குரியவை. சங்கச் செய்யுள்களை வாய்மொழிப் பாடல்களாகக் கண்ட கைலாசபதியின் முடிவு பின்வந்தோராற் கடுமையாக வினாவப்பட்டமை அவ்வாய்வின் சிறப்பைக் குறைக்கவில்லை. விவாதத்திற்கு இடமளிக்கும் முடிவே ஆய்வு முடிவு.

ஆகவே, மேற்பார்வையின் தரத்தை ஆய்வேட்டின் பக்கங்களாலோ, ஆசிரியரின் பெயராலோ அளத்தல் பொருந்தாது. மாணவர் கொணர்ந்த சான்றொன்றினால் ஆசிரியர் தமது கருத்தை என்றேனும் மாற்றிக்கொண்டாரா? அவரை மறுத்து எழுதிய மாணவருக்கு அத்துறையிலே தொடர்ந்தும் இடமிருந்ததா? இவ்விரு வினாக்களுக்கும் ஆம் என விடைகூற இயலாத நிலையிற் சுயாதீன ஆய்வு என்பது பாடத்திட்டத்திலுள்ள வெறுஞ் சொல்லேயாகும்.