தமிழ் வழியே இந்தி: லீலா செயலியும் காஞ்சிப் பட்டுக்கடையும்

இந்தி கற்றுத்தரும் செயலிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகத்தான் பாடம் நடத்துகின்றன. மத்திய அரசின் ஆட்சிமொழித் துறைக்காகப் புணே சி-டாக் உருவாக்கிய லீலா அப்படியல்ல. ஆங்கிலத்தோடு 14 இந்திய மொழிகள் வழியாகவும் அதில் படிக்கலாம். தமிழ் அவற்றில் ஒன்று. கைப்பேசிச் செயலியாக 2017 செப்டம்பர் 14 அன்று வெளிவந்தது. பிரபோத், பிரவீண், பிராக்யா என்ற படிகள், எழுத்துப் பயிற்சி, அகராதி எல்லாம் பலரும் அறிந்தவையே. சில வாரங்கள் விடாமல் புழங்கிப் பார்த்தால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், தமிழ் வழி என்ற அந்த ஒரே வசதிதான் மனத்தில் நிற்கிறது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் வேலைக்குச் சேரும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து கோயிலுக்கு வந்து, அப்படியே சேலை எடுக்க நுழைகிறவர்களிடம் அவர் பேச வேண்டும். 'எனக்கு வேண்டும்' என்பது இந்தியில் 'முஜே சாஹியே', அதாவது 'முஜ்கோ சாஹியே'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'கு' உருபு செய்யும் வேலையை அங்கே 'கோ' செய்கிறது. ஆங்கில வழிப் பாடமோ 'நான் விரும்புகிறேன்' என்பதிலிருந்து தொடங்கி, எழுவாய் ஏன் 'எனக்கு' ஆனது என்று நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது. வினை கடைசியில் வருவது, பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவது, 'பார்த்துவிட்டு வா' போல வினையெச்சத்தில் வாக்கியத்தைக் கோப்பது எல்லாம் அவர் தாய்மொழியிலேயே இருக்கின்றன. பழக்கவழக்கமும் அப்படித்தான். முன்பின் தெரியாதவரை 'அக்கா' என்று அழைக்கிற நாக்குக்கு 'தீதீ' புதிதல்ல. 'நீ', 'நீங்கள்' பேதம் தெரிந்தவருக்கு 'ஆப்' என்ற மரியாதையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்தால் உச்சரிப்பு கெடும் என்பார்கள். பாதி உண்மை. சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் ஆகிய மூன்றுக்குமான இந்திச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'கானா' என்றே வரும். அங்கே நான்கு எழுத்து செய்கிற வேலையை நம் 'க' ஒன்றே பார்க்கிறது. ஆகவே பொருளுக்குத் தமிழ், ஒலிக்குக் காதும் தேவநாகரியும் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த எழுத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் இராசசிம்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் கிரந்தத்தோடு நாகரியிலும் 8-ம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே வெட்டப்பட்டவை. உண்மையான சிக்கல் பால் வேறுபாடுதான். சேலை பெண்பால், ஆகவே 'அச்சீ'. துணி ஆண்பால், ஆகவே 'அச்சா'. இரண்டும் அஃறிணை என்று தெளிந்திருக்கும் தமிழ் மனத்துக்கு இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அண்ணா பிறந்த ஊரில், அதுவும் ஆட்சிமொழித் துறையின் செயலிக்கு என்ன வேலை என்ற கேள்வி எழும். எழத்தான் வேண்டும். அவர் முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரியில், சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. மறுக்கப்பட்டது திணிப்பு, விரும்பியவர் விரும்பிய மொழியைக் கற்பதை யாரும் தடுக்கவில்லை. 1918-ல் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளை நம் பிள்ளைகள் இன்றும் தாமாகவே எழுதுகிறார்கள். கொள்கையை எதிர்த்துக்கொண்டே கருவியைப் பயன்படுத்தலாம். அதிலும் தமிழை அடித்தளமாகக் கொண்ட கருவி, தமிழை ஓரங்கட்டும் கருவியைவிட மேல்.

என் மனத்தாங்கல் வேறு. இத்தனை நல்ல வாசலைத் திறந்துவிட்டு, லீலா நம்மை அரசு அலுவலகத்துக்குள் அழைத்துப் போகிறது. பிரபோத் முதலான அதன் படிகள் மத்திய அரசு ஊழியர்களின் தேர்வுகளுக்கானவை. மேலே ஏற ஏறக் கடிதமும் கோப்புக் குறிப்பும்தான். விலை சொல்லவும், கோர்வைச் சேலைக்கு ஏன் கூலி அதிகம் என்று விளக்கவும், ஜரிகையின் தரத்தை எடுத்துச் சொல்லவும் தனியாக ஒரு படி இல்லை. இத்தனைக்கும் நெசவு இந்திக்கு அந்நியமான தொழிலா? பாவும் ஊடையும் அங்கே 'தானா-பானா'. அம்மொழியின் பெருங்கவி கபீரே காசியில் தறி நெய்தவர். அவர் தொழிலின் சொற்களிலிருந்து ஒரு படியைத் தொடங்கியிருந்தால், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் முதல் பாடத்திலேயே ஒன்றிப்போயிருப்பார்.