மாத்திரை டப்பாவின் மூடி

முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மாத்திரை சாப்பிட நினைவூட்டும் செயலி ஒன்றைச் செய்தோம். மாத்திரை போட்டதும் பச்சை பட்டனை அழுத்த வேண்டும். விடாமல் அழுத்தினால் பதக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை. அவர் போனிலும் போட்டுக் கொடுத்தேன். நாற்பது நாள் விடாமல் பதக்கம் வாங்கினார். ஊருக்குப் போனால், மாத்திரை அட்டைகள் பாதி பிரிக்காமலே கிடக்கின்றன. "அமுக்கலேன்னா அது கத்திக்கிட்டே இருக்குடா" என்றார். எங்கள் டேஷ்போர்டில் அப்பா ஒரு வெற்றிக் கதை.

அதற்குப் பிறகுதான் ரீ-மிஷனைத் தேடிப் போனேன். அமெரிக்காவின் ஹோப்லேப் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பதின்வயதினருக்காகவும் இளைஞர்களுக்காகவும் 2006இல் வெளியிட்ட வீடியோ கேம். ராக்ஸி என்ற நானோ ரோபோ நோயாளியின் உடலுக்குள் பறந்து, கீமோ மருந்தைத் துப்பாக்கியாக்கிப் புற்றணுக்களைச் சுடுகிறாள். இன்றைக்குப் பார்த்தால் சாதாரண ஷூட்டர்தான். ஆனால் ஓரிடத்தில் நோயாளி மருந்தைத் தவறவிட, ராக்ஸியின் துப்பாக்கி சொதப்புகிறது. தப்பிய அணுக்கள் மருந்துக்கு அசையாதவையாக மாறிவிடுகின்றன.

இந்த இடம்தான் முக்கியம். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள், உடம்பு தேறிய பிறகும் வீட்டில் நீண்ட காலம் மாத்திரை சாப்பிட வேண்டும். நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இதுன்னு தோன்றும் வயசு. அந்த ஒரு கேள்விக்கு அறிவுரையாக இல்லாமல் விளையாட்டின் விதியாகவே பதில் சொல்கிறது ரீ-மிஷன்.

வேலை செய்ததா? 2008இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் 34 மருத்துவ மையங்கள், 13 முதல் 29 வயது வரை 375 பேர். ஒரு பிரிவுக்கு வேறொரு சாதாரண விளையாட்டு மட்டும்; இன்னொரு பிரிவுக்கு அதோடு ரீ-மிஷனும். ஆன்டிபயாட்டிக் டப்பாவின் மூடியில் ஒரு சிப், திறக்கும்போதெல்லாம் பதிவாகும். கீமோ மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனை. இரண்டிலும் ரீ-மிஷன் பிரிவே ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தது. ஆனால் "ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்று கேட்டு வாங்கிய பதில்களில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. மன அழுத்தமும் வாழ்க்கைத் தரமும்கூட மாறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நாங்கள் நம்பியது பட்டனை. அவர்கள் நம்பியது மூடியை. முதலில் இவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். இல்லை. எங்கள் செயலியிலும் சிப் வைத்திருந்தால் அப்பா சாப்பிடவில்லை என்று தெரிந்திருக்கும்; ஏன் என்று தெரிந்திருக்காது. ரீ-மிஷன் ஒரு 'ஏன்'-ஐப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கட்டப்பட்டது. நாங்கள் 'ஏன்' இல்லாமலே பதக்கம் கொடுத்தோம்.

அப்பாவிடம் அப்புறம்தான் கேட்டேன். "அதப் போட்டா பதினோரு மணிக்கே கை நடுங்குதுடா, பசி புடுங்குது" என்றார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் சொன்னோம், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அந்த நாற்பது நாளில் இதைச் சொல்ல அவருக்கு எங்கள் செயலியில் ஒரு பட்டன்கூட இல்லை.