படச்சுருளும் இலாபக் கணக்கும்

ஒரு சமுதாயத்தின் ஞாபகத்தைக் காப்பாற்றுவது யார்? நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் முன்வைத்து இவ்வினா பன்முறை எழுப்பப்பட்டிருக்கிறது. திரைப்படத்தை முன்வைத்து எழுப்பப்படுவது அரிது. பதுளையிலும் ஊவாத் தோட்டப் பகுதிகளிலும் கற்பிக்கின்ற, கற்கின்ற நண்பர்கள் முன் அதனை இங்கு வைக்க விரும்புகிறோம்.

இரு படங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1934இல் உருவான ‘சோங் ஒஃப் சிலோன்’. பசில் ரைட் இயக்கினார். ஜோன் கிரியர்சன் தயாரித்தார். செலவை ஏற்றது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. விளம்பரத் தேவையிலிருந்து பிறந்தபோதிலும் அது கலையாக உயர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ‘வாணிபத்தின் குரல்கள்’ என்னும் அதன் மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களைக் கண் காணும்போதே சந்தை விலைகள் செவியில் ஒலிக்கின்றன. முதலாளியின் பணத்திலேயே முதலாளித்துவத்தின் முகத்தைக் காட்டிய சாமர்த்தியம் அது. ஆயினும் கொழுந்து பறிக்கும் பெண் அங்கு வாய் திறப்பதில்லை. அவளுடைய உழைப்பு காட்சியாகிறது. அவளுடைய சொல் ஒலிப்பதில்லை.

இரண்டாவது, 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’. தொழிற்சங்கத் தலைவரான வி. பி. கணேசனின் முயற்சியால் உருவான இப்படம், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. ‘நான் உங்கள் தோழன்’ (1978), ‘நாடு போற்ற வாழ்க’ (1981) ஆகியன அதனைத் தொடர்ந்தன. தென்னிந்தியப் படங்களின் வாய்ப்பாட்டிலிருந்து இம்முயற்சிகள் முற்றாக விடுபட்டவையல்ல. எனினும் மலையகத்தான் தன்னைத் தானே திரையில் காண முனைந்த முயற்சிகளுள் முக்கியமானவை இவை. குறை கூறுவதற்கேனும் அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு வேண்டுமல்லவா?

முதற்படம் 2008இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் தொகுப்பொன்றில் இறுவட்டாக வெளிவந்தது. இலண்டன் மாணவன் அதனை வீட்டிலிருந்தே தெளிவாகப் பார்க்கலாம். ‘புதிய காற்று’க்கு அத்தகைய மீட்புப் பதிப்பு வாய்க்கவில்லை. தேயிலை விற்றவர்களின் படம் வாழ்கிறது. தேயிலை பறித்தவர்களைப் பற்றிய படம் தேடப்படும் பொருளாகிவிட்டது.

இதற்கு இரசாயனமும் காரணம், அரசியலும் காரணம். அசிற்றேற்றுப் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி நாற்றம் வீசத் தொடங்கும். வெளிப்படும் அமிலம் சிதைவை மேலும் விரைவாக்கும். குளிர்ந்த, உலர்ந்த களஞ்சியம் இல்லாத நாட்டில் சுருளின் ஆயுள் குறுகியது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது மூலச்சுருள்கள் பலவும் சாம்பலாயின. அதே நாட்களில் பதுளை நகரும் எரிந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க முடியாது.

இந்நிலையில், மேல்நாடுகளில் தோன்றியுள்ள சிறு இறுவட்டு வெளியீட்டகங்கள் நம் கவனத்துக்குரியவை. சுருள் சிதையும்போது எழும் அக்காடி நாற்றத்தையே பெயராகக் கொண்ட ‘வினிகர் சின்ட்ரோம்’ 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் குப்பையென ஒதுக்கிய மலிவுப் படங்களின் மூலச்சுருள்களைத் தேடி, துப்புரவாக்கி, வெளியிடுவது அதன் பணி. இலண்டனில் மெஹெல்லி மோடி 2005இல் தொடங்கிய ‘செக்கண்ட் ரன்’, கிழக்கைரோப்பியப் படங்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு தந்தது. இலாபம் தேடுவோன் முதலிடத் தயங்கும் இடத்தில் ஆர்வலன் முதலிடுகிறான். இதனைப் பாராட்டாதவர் கலையின் நண்பராகார்.

ஆனால் பாராட்டுடன் நின்றுவிடுவது விமரிசனமாகாது. ஆர்வமும் சந்தையிலேயே சுவாசிக்க வேண்டியிருக்கிறது. பிரதிகளின் தொகையை வேண்டுமென்றே மட்டுப்படுத்துவதும், அலங்காரப் பெட்டிகளில் இட்டு விலையை உயர்த்துவதும் இவ்வெளியீட்டகங்களிடையே வழக்கமாகிவிட்டன. தீர்ந்துபோன பதிப்பைச் சேகரிப்போர் பன்மடங்கு விலைக்கு விற்கின்றனர். அருமையைப் போக்கப் பிறந்த முயற்சி அருமையையே சரக்காக்குகிறது! நாற்பது டொலர் பெறுமதியான ஒரு பெட்டி தோட்டத் தொழிலாளியின் ஒரு வார உழைப்பை விழுங்கிவிடும். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்னும் சம்பளம் 2021இல் விதிக்கப்படுவதற்கே பல்லாண்டுப் போராட்டம் தேவைப்பட்ட மண் இது.

நம்மிடையிலும் ஆர்வலர் இல்லாமலில்லை. வர்த்தகரான துரை விஸ்வநாதன் 1990களில் ‘துரைவி’ வெளியீடுகளாக மலையகச் சிறுகதைகளைத் தொகுத்துத் தந்தார். வாணிபத்தில் ஈட்டியதை இலக்கியத்தில் செலவிட்ட அப்பெருமனம் போற்றத்தக்கது. ஆயினும் தனிமனித ஆர்வம் எத்துணை உயர்ந்ததாயினும் ஒருவரின் ஆயுளோடும் வருவாயோடும் கட்டுண்டது. இலாபம் நம்மைக் கைவிடும், ஆர்வம் களைத்துப்போகும். இரண்டுக்கும் அப்பால் நிற்க வேண்டியது பொதுநிறுவனம்.

இது வெறுங்கனவன்று. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனால் மீட்கப்பட்டு, 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. சிங்களப் படத்துக்குக் கிடைத்த இவ்வாய்ப்பு மகிழ்ச்சிக்குரியது. அது மலையகப் படத்துக்கும் உரியது. தேசியத் திரைப்படக் கூட்டுத்தாபனம் அதனைத் தன் கடமையாக ஏற்க வேண்டும். சிறு வெளியீட்டகம் ஒன்று முன்வந்தால் விற்பனை உரிமையை அது பெறட்டும். பதிலாக, தோட்ட மண்டபங்களிலும் பாடசாலைகளிலும் இலவசமாகத் திரையிடத்தக்க பிரதியைத் தரட்டும். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் ஓர் உலர்ந்த அறை ஒதுக்கப்பட்டால், 1980களிலிருந்து லயங்களில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் வீடியோ நாடாக்களும் அங்கு புகலிடம் பெறும். திருவிழா, சங்கக் கூட்டம், கல்யாணம் எனப் பதிவான அந்நாடாக்கள் வரலாற்றுச் சான்றுகளே. அவற்றைத் தேடித் திரட்டும் பணியை ஆசிரியரும் மாணவரும் இன்றே தொடங்கலாம்.

1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து, அச்சபையைக் கலந்தே நிருவாகம் நடத்துவதெனத் துரையை இணங்கச் செய்தனர். ஆறாண்டுகளுக்கு முன் தேயிலைச் சபைக்காகச் சுழன்ற கமரா அக்காட்சியைப் பதிய வரவில்லை. பதியப்படாததை மீட்க நம்மால் இயலாது. பதியப்பட்டதையும் அழியவிட்டால் அதற்கு இலாபவேட்டைக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை.