யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

'இபெலின்' ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் கோபமும்.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் பற்றி பெஞ்சமின் ரீ இயக்கிய படம் இது, 2024இல் வெளிவந்தது. டுஷென் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த மாட்ஸ், 2014இல் தன் 25ஆவது வயதில் இறந்தார். மகன் தனிமையிலேயே வாழ்ந்து முடித்துவிட்டான் என்று பெற்றோர் நினைத்தார்கள். மரணச் செய்தியை அவருடைய வலைப்பூவில் இட்டதும், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் அவரோடு பழகியவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன.

சக்கர நாற்காலியில் இருந்தவர் விளையாட்டுக்குள் கட்டுடல் ஆணாக ஓடினார், காதலித்தார் என்பதைப் படம் அனிமேஷனில் கொண்டாடுகிறது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஆட்டிச நிலையிலுள்ள மகனை நெருங்க முடியாமல் தவித்த தாய் ஒருவருக்கு, விளையாட்டுக்குள் மகனோடு சேரும் வழியை மாட்ஸ் காட்டினார். பராமரிப்பைப் பெறுபவர் என்று மட்டுமே அறியப்பட்டவர் அங்கே பராமரிப்பவரானார். அந்த விளையாட்டில் மருந்து என ஒன்று இருந்தால் அது இதுதான். ஓடிய கால்கள் அல்ல.

போலியோ பாதித்த காலோடு வளர்ந்தவள் நான். பிசியோதெரபியில் என்னை நேராக நடக்கவைக்கப் பார்த்தார்கள். அக்கா பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆனாலும் வீட்டில் ஓயாத பேச்சு: "இவளை யாரு பாத்துக்குவா?"

மாட்ஸின் அன்புக்கு விளையாட்டின் உரையாடல் பதிவுகள் சாட்சி சொல்லின. அதனால்தான் இந்தப் படமே சாத்தியமானது. நான் ஊட்டிய சோற்றுக்கு எந்தப் பதிவும் இல்லை.